ஆற்றில் தண்ணி வரும்போது அவனைக் கூட்டிப் போகலாமா?

பாமணிக்கரை (2025 ஜூன் 9, இரவு)

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நாலைந்து நாளாக மனசுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றங்கரையில் ஒரு கிராமம். நானும் என் நண்பனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள், இருவருக்கும் இப்போது 47. பிப்ரவரியில் அவனுக்கு மஞ்சள்காமாலை என்று காட்டப் போனோம், கணையத்தில் புற்றுநோய் என்றார்கள், அப்போதே ஈரலுக்குப் பரவியிருந்தது. பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், கீமோ மூன்று முறை போட்டார்கள், உடம்பு தாங்கவில்லை, அவனே போதும் என்று சொல்லிவிட்டான். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்றார். அவனுக்கும் தெரியும். வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், எங்கேயாவது போவோம்டா, சுவத்தைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு என்றான். கார் எடுத்துக்கொண்டு ஹரித்ராநதிக் கரைக்குப் போனோம். பள்ளிக்கூட நாளில் பாதிப் பொழுதைக் கழித்த குளம் அது. டீ வாங்கினோம், ஒரு பருப்பு வடை வாங்கினோம், அவன் பாதி தின்றுவிட்டு மீதியைப் பிட்டுப் பிட்டுத் தண்ணியில் போட்டான். மீன் வந்து வாயைத் திறந்து திறந்து இழுத்தது. அதைப் பார்த்து சிரித்தான். பிப்ரவரிக்கு அப்புறம் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த நிமிஷம்தான் எனக்குள்ளே ஒரு குரல், இதை நல்லாப் பாத்துக்க, இனிமே இது கிடைக்காது என்று. உடனே போனை எடுத்துப் படம் பிடித்தேன். படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நான் போனைத் தூக்குவதைப் பார்த்து அவன் முகம் மாறியதுதான் இருக்கிறது. திரும்பி வரும்போது காரில் இரண்டு பேரும் பேசவில்லை.

அன்று இரவிலிருந்து இரண்டு நாள் அவனுக்கு சரியான வலி. வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரைக்கும். அவன் அம்மா என்னைப் பார்த்து, சாகக் கிடக்குற புள்ளைய எங்கடா இழுத்துக்கிட்டுத் திரியிற என்று கேட்டுவிட்டார். என்னைப் பெறாத குறையாக வளர்த்தவர் அவர். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது விஷயம் என்னவென்றால் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கப்போகிறார்கள். மூன்று நாளில் கல்லணை, அங்கிருந்து வெண்ணாற்றில் நீடாமங்கலம். அங்கே மூணாறு தலைப்பு என்கிற மதகில்தான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். எட்டாவது படிக்கும்போது நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் தலைப்புக்குப் போய், மதகு பார்க்கும் லஸ்கர் ஷட்டரைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, தண்ணியோடு கூடவே கரையில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருக்கிறோம். தண்ணி சில இடத்தில் மணலுக்குள் இறங்கி நின்றுவிடும், நாங்களும் இறங்கி நிற்போம். பள்ளம் நிரம்பி மறுபடி கிளம்பும், நாங்களும் கிளம்புவோம். இதை அவன் இப்போது தினமும் பேசுகிறான். தலைப்புல போயி பாக்கணும்டா என்கிறான். போன வருஷம் ஜூலை 28தான் திறந்தார்கள், அதை நாங்கள் போய்ப் பார்க்கக்கூட இல்லை, ஆளுக்கொரு வேலை. அப்போது இப்படி ஒரு நோய் வரும் என்று யார் நினைத்தோம்.

கேள்வி இரண்டு. இவ்வளவு வலி வரும் என்று தெரிந்தும் கூட்டிப் போவது சரியா? இன்னொன்று, அவன் சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் எல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது, அதை அவன் பார்த்துவிடுகிறான். அந்த நேரத்தில் அவனோடு சும்மா இருப்பது எப்படி? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வீட்டுச்செவிலி (ஜூன் 10)

தம்பி, நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் இந்த மாதிரி நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர், ஒன்பது வருஷமாக இதே வேலை. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இரண்டாவதை மற்றவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

வெளியே போனதால்தான் வலி வந்தது என்று எல்லோருமாக முடிவு பண்ணிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் அந்த வடை. கணையத்தில் நோய் இருப்பவர்களுக்கு எண்ணெய், கொழுப்பு எல்லாம் செரிக்கத் தேவையான என்சைம் சரியாகச் சுரக்காது. வடை மாதிரி ஒன்று உள்ளே போனால் வயிறு உப்பி, பிசைந்து, மலம் எண்ணெய்ப்பசையாகப் போகும். இதற்கு சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் என்சைம் மாத்திரை இருக்கிறது, அவருக்கு எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வடையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், இந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு மனசு வராது. மாத்திரையோடு ஒரு வாய் சாப்பிடட்டும்.

அடுத்தது, அன்றைக்கு வலி மாத்திரை நேரத்துக்குப் போட்டாரா? மார்ஃபின் சாதா மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடிகாரம் பார்த்துப் போடவேண்டியது. வலி வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நம் ஆட்கள் தள்ளிப்போடுவார்கள், அப்புறம் அந்த வலியைப் பிடிக்க ஒரு நாள் ஆகும். வெளியே கிளம்புகிற உற்சாகத்தில் ஒரு வேளை விட்டுப்போவது ரொம்ப சாதாரணம், நான் நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன். இடையில் வலி வந்தால் போட்டுக்கொள்ள ஒரு கூடுதல் டோஸ் தனியாக எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். வெளியே கிளம்புவதற்கு முன்னால் அதைப் போடலாமா என்றும் கேளுங்கள். போட்டு அரைமணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும். அளவு மட்டும் அவர் சொன்னதுதான், நாமாகக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கான மருந்தும் தினமும் கட்டாயம், பாதி வயிற்று வலி மலச்சிக்கலாலேயே இருக்கும்.

மார்ஃபின் என்றதும் வீட்டில் பயப்படுவார்கள், அதைக் குடுத்தா முடிஞ்சிடும் என்பார்கள். சரியான அளவில் கொடுத்தால் அது யாரையும் சீக்கிரம் கொண்டுபோகாது. அவர் அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். முன்பு இந்த மாத்திரை வாங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும், 2014இல் சட்டத்தைத் திருத்தியபிறகு அங்கீகாரம் வாங்கிய மருத்துவமனைகளில் கிடைப்பது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போய்ப் பேசுங்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரண சேவையும் இருக்கிறது.

காரில் சீட்டை முழுசாகச் சாய்க்காதீர்கள். கணைய வலி மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் குறையும். மடியில் ஒரு தலையணை வைத்து அதைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். அப்புறம் அவருக்கு நாளில் எந்த நேரம் உடம்பு லேசாக இருக்கிறது என்று மூணு நாள் கவனித்து எழுதி வையுங்கள். எல்லோருக்கும் ஒரு நல்ல நேரம் இருக்கும். அந்த நேரத்துக்கு அவரைக் கிளப்புங்கள், உங்களுக்கு வேலை முடிகிற நேரத்துக்கு இல்லை. கூட்டிப் போங்கள் தம்பி.

மாயவரத்துக்காரி (ஜூன் 10)

உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என் தோழி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கல்லூரி விடுதியில் ஒரே அறை. அவளுக்கு மார்பில் வந்து எலும்புக்குப் போய்விட்டது. தெரிந்ததும் நான் ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன், அவளோடு போகவேண்டிய இடம், பார்க்கவேண்டிய கோயில், சாப்பிடவேண்டிய கடை என்று. வைத்தீஸ்வரன் கோயிலில் ஆரம்பித்து ஒரே நாளில் நாலு கோயில் கூட்டிப்போனேன். மூன்றாவது கோயிலில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ சாமி கும்பிட்டு வா, நான் இங்கேயே இருக்கேன் என்றாள். முகம் வெளுத்துப்போய் இருந்தது. நோட்டை அன்றைக்கு ராத்திரி மூடியதுதான், அப்புறம் திறக்கவே இல்லை.

எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள்ளேயே நிற்பது அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மொச்சை உரித்த ஒரு மத்தியானம். பிதுக்கிப் பிதுக்கி உள்ளே இருக்கிற பருப்பைத் தட்டில் தள்ளுவோம் இல்லையா, ஒன்று வழுக்கிக்கொண்டு பறந்துபோய், தெருவில் போன ஒருத்தர் மேலே பட்டு, அவர் அண்ணாந்து காக்கையைத் தேடினார். அவ்வளவுதான் விஷயம். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். ரொம்ப சின்ன விஷயம், எழுதும்போது ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை, கையில் வேலை இருந்ததால் என்று நினைக்கிறேன். அதனால் நான் சொல்வது, அவரைச் சும்மா எதிரே உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், இரண்டு பேர் கைக்கும் ஒரே வேலை கொடுங்கள். வலை பின்னத் தெரியும் என்றால் வலை, கீரை ஆய்வது, தாயம் ஆடுவது, எதுவானாலும் சரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வருஷம் ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்துக்கு எங்கள் ஊர்க் காவிரித் துலாக்கட்டத்தில் முழுக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எல்லாம் ஏற்பாடு பண்ணி வைத்திருந்தோம், அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன், போச்சே, இனிமேல் ஒரு ஐப்பசி வராதே என்று. மறுநாள் காய்ச்சல் விட்டது. மறுநாள் கார்த்திகை ஒன்று, எங்கள் ஊரில் அது முடவன் முழுக்கு. நடக்கமுடியாத ஒருத்தர் ஐப்பசிக்குள் வந்து சேரமுடியாமல் ஒரு நாள் பிந்தி வந்தார், அவருக்கும் அதே பலனை சாமி கொடுத்தார் என்று சொல்லுவோம். கடைமுகக் கூட்டம் எல்லாம் கலைந்து, படிக்கட்டில் மிதிபட்ட பூவும் இலையுமாகக் கிடந்தது. ஆட்டோவைக் கட்டம் வரைக்கும் கொண்டுபோய், அவளைப் படியில் உட்காரவைத்து, ஒரு சொம்பில் மொண்டு காலில் ஊற்றினேன். எனக்குன்னே ஒரு நாள் ஒதுக்கி வச்சிருக்காரு பாரு என்று சொல்லிவிட்டு, இன்னொரு சொம்பு ஊத்துடி என்றாள். குளிர்கிறது என்று நான் பயந்தேன். ஊத்துடி என்றாள்.

தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். எனக்கும் அடைத்தது.

குடந்தைக்காரம்மா (ஜூன் 11)

நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசப்போகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம். அவருக்கும் நல்ல நண்பர்கள், உங்களை மாதிரியே. வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், டிகிரி காபி வாங்கித் தருவார்கள், சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் முனகும்போது முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். வாந்தியைத் துடைத்தது நான். அவர் சிரித்த நேரத்தில் எல்லாம் நான் அடுப்படியில் இருந்தேன் அல்லது மருந்துக்கடையில் வரிசையில் நின்றேன். அந்தச் சிரிப்பு அவர் நண்பர்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பதெல்லாம் அந்த ராத்திரிகள்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவர்களால்தான் அவர் கடைசி வரைக்கும் மனுஷராக இருந்தார். ஆனால் ஒரு தடவையாவது நீயும் வாம்மா என்று யாராவது கூப்பிட்டிருக்கலாம்.

நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அம்மா சொன்னது இருக்கிறது. அவர் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?

அப்புறம், எனக்குப் புரியாத ஒன்று. அவர் வீடே பாமணியாற்றங்கரை என்கிறீர்கள். தலைப்பில் திறக்கிற தண்ணி எப்படியும் அவர் வீட்டுக் கொல்லைக்கு வந்துதானே ஆகவேண்டும்?

பாமணிக்கரை (ஜூன் 11, இரவு)

அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. கேட்கவில்லை. தங்கச்சியை நான் கேட்கவே இல்லை. வந்தால் காபி கொடுக்கும், மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுக்கும், நானும் வாங்கிக்கொள்வேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்வதைவிட அதனிடம் போய்ச் சொல்லவேண்டும்.

அக்கா, மாத்திரை நேரம் தவறியது உண்மைதான். ஆறு மணிக்குப் போடவேண்டியதை ஒன்பதுக்குத்தான் போட்டிருக்கிறோம். என்சைம் மாத்திரையும் இல்லை. நாளைக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.

தென்னந்தோப்பு (ஜூன் 13)

நானும் உங்கள் நண்பரைப் போல நோயாளிதான். எனக்கு நுரையீரல், இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன், இனி அதிகம் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு. அதிக நேரம் தட்டச்சு செய்யமுடியாது, மூச்சு வாங்கும், அதனால் சொல்லவேண்டியதை மட்டும்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அது வேண்டாம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் என் தோப்பில் பெரும்பாலும் போய்விட்டது, ஒரே ராத்திரி. மறு வருஷம் நட்ட கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. என் சிநேகிதன் ஒருத்தன் வாரம் ஒருமுறை வந்து, தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வாரம் எத்தனை மரம் பாளை விட்டிருக்கிறது என்று சொல்வான். நான் தப்பு என்பேன். ஆள் விட்டு எண்ணச் சொல்வேன். சண்டை போடுவோம். அந்த அரைமணி நேரத்தில் நான் நோயாளி இல்லை. அதே ஆள்தான் போன மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, பயமாயிருக்காடா என்று கேட்டான். இருக்கு என்றேன். எனக்கும்டா என்றான். அப்புறம் மறுபடி பாளைக்குப் போய்விட்டோம்.

உங்களுக்குக் கண் கலங்குவதை அவர் பார்த்துவிடுகிறார் என்று கவலைப்படுகிறீர்கள். பார்க்கட்டும். கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த் துடைத்துக்கொண்டு வந்து சிரிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எங்களுக்குக் கஷ்டம். போன இடத்தில் தனியாகிவிட்ட மாதிரி இருக்கும்.

படம் எடுப்பதைப் பற்றி. போனை அவர் கையில் கொடுங்கள், அவர் எடுக்கட்டும். நான் என்னைப் பார்க்க வருகிறவர்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நான் போனபிறகு அவர்கள் பார்க்கலாம், நான் அவர்களை எப்படிப் பார்த்தேன் என்று.

டீக்காசை அவர் கொடுக்கட்டும். தடுக்காதீர்கள்.

மாயவரத்துக்காரி (ஜூன் 13)

தென்னந்தோப்பு அண்ணே, அடுத்த வாரம் எத்தனை பாளை என்று இங்கேயும் வந்து சொல்லுங்கள். காத்திருப்பேன்.

வீட்டுச்செவிலி (ஜூன் 14)

தென்னந்தோப்பு ஐயாவுக்கு ஒரு சின்னக் குறிப்பு. மூச்சு வாங்கும்போது ஒரு சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேராக, மூக்கும் கன்னமும் படுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேருக்கு அதுவே ஆசுவாசம் தருகிறது. ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போடச் சொல்லுங்கள்.

பாமணிக்கரை (ஜூன் 26)

வணக்கம். எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லவேண்டும் என்று வந்தேன். அன்றைக்கே எழுத நினைத்தேன், முடியவில்லை.

குடந்தைக்காரம்மா கேட்ட மறுநாளே தங்கச்சியிடம் பேசினேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, நீ என்னம்மா நினைக்கிறே, அவனைத் தலைப்புக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், எனக்கும் பாக்கணும்ண்ணே, கல்யாணமாகி இருபது வருஷத்துல புதுத்தண்ணி வர்றத நான் பாத்ததே இல்ல, காலையில எழுந்திரிச்சிப் பாத்தா ஆறு நிறைஞ்சிருக்கும், அவ்வளவுதான் என்றது. அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. தலைப்புக்கு வேண்டாம், கொல்லையிலேயே பார்ப்போம் என்று அவனிடம் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. தங்கச்சி ஆசையைச் சொன்னதும், அவளுக்கு ஒன்னும் தெரியாதுடா, நாந்தான் சொல்லிக் குடுக்கணும் என்றான்.

மருத்துவர் கூடுதல் டோஸ் எழுதிக் கொடுத்தார், என்சைம் மாத்திரையும் கொடுத்தார். வயிறு பிசைவது பாதியாகக் குறைந்திருக்கிறது அக்கா. மூன்று நாள் எழுதி வைத்ததில் அவனுக்கு நல்ல நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை. இதை நாங்கள் கவனித்ததே இல்லை.

தலைப்பில் தெரிந்த லஸ்கர் ஒருத்தர் இருக்கிறார். பாமணியில் ஷட்டர் தூக்கியதும் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பண்ணினார். சாயங்காலமே படித்துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். வரவில்லை. மணல் குடித்துக்கொண்டிருக்கும், வந்துடும் வந்துடும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஏழரைக்கு முகம் வாடிவிட்டது, உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆசைகாட்டி ஏமாற்றிவிட்டோமே என்று தூக்கமே வரவில்லை.

ராத்திரி இரண்டு மணி இருக்கும், தங்கச்சி போன். அண்ணே, சத்தம் கேக்குது என்றது. ராத்திரியில் விழித்திருக்கிற ஆள் அதுதானே, அதற்குத்தான் முதலில் கேட்டிருக்கிறது. பைக்கில் போய்ச் சேருவதற்குள் அது அவனுக்கு மாத்திரை கொடுத்து, தலையணையை எடுத்து வைத்துத் தயாராக இருந்தது. நானும் பன்னிரண்டாவது படிக்கும் அவன் மகனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். அவன் கனமே இல்லை. அது தெரிந்ததும் எனக்கு அடைத்தது, அவன் பையனுக்கும் அடைத்தது, அழுதுகொண்டேதான் தூக்கிப்போனோம். மெதுவாடா, என்னைப் போட்டுடாதீங்க என்றான்.

டார்ச் அடித்தோம். பனையோலையைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம் மேற்கேயிருந்து வந்தது. அப்புறம் வெளிச்சத்துக்குள் முதலில் வந்தது தண்ணி இல்லை, சருகு. மூங்கில் சருகு, தேங்காய் மட்டை, ஒரு பழைய செருப்பு, எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஒரு முழ அகலத்துக்குப் பழுப்பு நுரை. அந்த நுரைக்கு மேலே எறும்புகள் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டு மிதந்து வந்தன. காய்ந்த மண்ணில் தண்ணி படும்போது வெடிப்புக்குள் இருந்து காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. மண்வாசனை குப்பென்று. படித்துறைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் போய் நின்றது, அங்கேயே சுற்றியது. நிக்கிது பாரு, இப்ப கிளம்பும் பாரு என்று அவன் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கிளம்பியது. தங்கச்சி சின்னப் பிள்ளை மாதிரி ஐயய்யோ என்று கத்திவிட்டது. அப்போது சிரித்தான். ஹரித்ராநதிக் கரையில் பார்த்த அதே சிரிப்பு.

எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினால் அவன் அம்மா. சாமி படத்திலிருந்து முல்லைச் சரத்தை எடுத்து வந்திருந்தார். யாரிடமும் எதுவும் பேசாமல் இரண்டு படி இறங்கி அதைத் தண்ணியில் போட்டுக் கும்பிட்டார். ஏறி வரும்போது என் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனார்.

போன் அவன் கையில்தான் இருந்தது. அவன் எடுத்த படத்தில் டார்ச் வட்டமும் நுரையும் தங்கச்சியின் பாதி முகமும்தான் தெரிகிறது. தென்னந்தோப்பு அண்ணே, நீங்கள் சொன்னதுதான், இதை அவன் எப்படிப் பார்த்தான் என்று எனக்குத் தெரிகிறது.

அடுத்த நாள் முழுக்கத் தூங்கினான், களைப்பு. வலி வழக்கத்துக்கு மேல் இல்லை. இப்போது இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்கிறான், பேச்சு குறைந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு நாற்காலி படித்துறைக்குப் போய்விடும், தங்கச்சியும் காபியோடு வந்து உட்கார்ந்துவிடுகிறது, அடுப்படியை அந்த நேரத்துக்கு என் வீட்டம்மா வந்து பார்த்துக்கொள்கிறாள்.

சின்ன வயதில் புதுத்தண்ணி வந்த ராத்திரி பந்தயம் கட்டுவோம், விடிவதற்குள் எத்தனை படி முங்கும் என்று. அன்றைக்கும் கட்டினான். அவன் அஞ்சு என்றான், நான் நாலு என்றேன். விடிந்ததும் இரண்டு பேருமாக எண்ணினோம், அஞ்சு. பந்தயம் எட்டு நுங்கு. நேற்று வாங்கிப் போனேன், முத்திப்போச்சுடா, இது கணக்குல சேராது என்று திருப்பிவிட்டான். நாளைக்கு விடியற்காலையிலேயே போய் இளசாகப் பார்த்து வெட்டி வாங்கவேண்டும்.